புதன்கிழமைக் கோட்டு

பதினெட்டு வாரம்.
வாரத்துக்கு முப்பது ஷில்லிங்.
ஓல்டம் ஆலையில் தும்மினால் பஞ்சு வரும்,
அப்படி நூற்றுக் கட்டிய தவணை.
நூற்றது பருத்தி, தைத்தது மொஹேர்.
நேரே நின்றால் நீலம்
திரும்பினால் செம்பு.

தையல்காரர் டேப்பைக் கழுத்தில் மாலையாய்ப் போட்டுக்கொண்டு
"பக்கவெட்டு அஞ்சு அங்குலமா? நாலரை போதாதா?" என்றார்.
போதாது.
அந்த அரை அங்குலத்துக்காகத்தான்
மேஸ்திரியின் வசவுக்கு வாய் மூடி நிற்கிறேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.

திங்கள் காலை எங்கள் தெருப் பெண்களின் கக்கத்தில்
ஆளுக்கொரு பழுப்புக் காகிதப் பொட்டலம்.
எண்ட்விசில் அடகுக்கடை வாசலில்
மூன்று பித்தளைக் குண்டுகள் மழையில் சொட்டும்.
அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுக்கு எட்டு ஷில்லிங்.
என்னுடையதற்கு இரண்டு பவுண்டு.
அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

வெள்ளி மாலை சம்பளக் கவர் வந்ததும் மீட்பு.
சனி இரவு ஆட்டம்.
ஞாயிறு இஸ்திரி.
திங்கள் மறுபடி பொட்டலம்.
ஆள் பாதி ஆடை பாதி என்றால்
வார நாளெல்லாம் நான்
பாதி ஆள்.

அந்தப் புதன்கிழமை
கூட்டுறவுச் சங்க மாடியில் புது ரெக்கார்டு வருவதாகப் பேச்சு.
ஜமைக்கா சரக்கு, கப்பலில் வந்தது,
லேபிளை பிளேடால் சுரண்டியிருப்பார்களாம்
வேறு யாரும் பெயர் அறியக் கூடாதென்று.
அண்ணனின் பின்னல் சட்டையோடு போனேன்.
சுவரோரம் நின்றேன், சுவரைப் போலவே.

அப்போதுதான் பார்த்தேன்.
என் கோட்டு ஆடிக்கொண்டிருந்தது.

வேறொருவனுடையதாயிருக்கும் என்று நினைத்தேன்.
ஆனால் இடக்கை விளிம்பில் சிகரெட் சுட்ட புள்ளி,
அதை நான் பேனா மையால் மறைத்த திருட்டு.
உள்ளே கீத் ரோத்வெல்,
எண்ட்விசில் கடையில் பொட்டலம் அடுக்கும் பையன்.
தாளத்தின் எதிரடியில் முழங்கால் மடக்கி
அவன் திரும்பியபோது
ஐந்து அங்குல வெட்டு
கதவு போல் திறந்து மூடியது.
பெரில் கைதட்டினாள்.
பெரில். ஏழு சனிக்கிழமையாக
என் பக்கம் திரும்பாத பெரில்.

கழிப்பறையில் மடக்கினேன்.
குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.
"காலையில இஸ்திரி போட்டு வச்சிடுவேன் லெஸ்,
முதலாளிகிட்ட சொல்லிடாத."
அவனுக்கும் பதினேழுதான்.
அவனுக்கும் ஒரு பாதி எங்கேயோ அடகில் இருந்திருக்கும்.
கையை ஓங்கினேனா என்று எனக்கே தெரியாது.
அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மூன்று பொத்தானும் போட்டிருந்தான், மடையன்.
கீழ்ப் பொத்தானைக் கழற்றிவிட்டேன்.
கழற்றியதும் கோட்டு மூச்சுவிட்டது,
இடுப்பில் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.
"இப்ப போ" என்றேன்.

போனான்.
என்னைவிட நன்றாகத்தான் ஆடினான்.
அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா பொட்டலம் பிரித்தாள்.
காலரில் உதட்டுச் சாயம்.
"யார்ரா அவ?"
நான் என்ன சொல்ல?
சொல்லாததால் வீடு முழுக்கச் செய்தியாகிவிட்டது.
அப்பா எனக்கு அன்று முதல் முறையாக
முழு சிகரெட் ஒன்று நீட்டினார்.
வட்டி வழக்கம்போல நாங்கள்தான் கட்டினோம்.

சனிக்கிழமை போட்டுக்கொண்டபோது
முழங்காலில் எனக்குத் தெரியாத ஒரு மடிப்பு.
டிக்கெட் பாக்கெட்டில் ஆறு பென்ஸ்.
வாடகையா, மறந்ததா?
ஜூக்பாக்ஸில் போட்டேன்,
பெயர் சுரண்டாத ஏதோ ஒரு பாட்டுக்கு.

திங்கள் காலை அம்மா காகிதம் மடிக்கும் முன்
அதே பாக்கெட்டில் ஒரு சீட்டு வைத்தேன்:

புதன்கிழமை மட்டும்.
மழையில் போகாதே.
சாயத்தைத் துடைத்துவிட்டு அனுப்பு.

பிறகு யோசித்து
கடைசி வரியை மட்டும் அடித்தேன்.